அரிய நோயென்று கைவிடலாமா?

ஊவா மலைத்தொடரின் தென்சரிவிலே, பலாங்கொடையிலிருந்து பேரகலைச் சந்திக்கு ஏறுகின்ற பெருவீதியிலே ஹல்துமுல்லை இருக்கின்றது. கொழும்புக்கும் கீழ்மாகாணத்துக்கும் இடையே ஓடும் வாகனங்கள் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றன. செல்வோருட் பலர் தேயிலையின் பசுமையைக் கண்டு மகிழ்கின்றனர். சிலர் லயங்களையும் காண்கின்றனர். லயத்துக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் நோயாளியை நினைப்போர் மிகச் சிலரே. அந்த நோயாளியைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தோம்.

தோட்டமொன்றிற் கொழுந்தெடுக்கும் தாயொருத்திக்கு மூன்று வாரமாகத் தலையிடி எனக் கொள்வோம். காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கின்றது. தோட்டத்து மருந்துச்சாலையில் இரண்டு பனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நாட் பேர் விழாவிட்டால் அந்த வாரத்துப் பற்றுவழி சரிவராது என்பதனால், தலையைத் துணியாற் கட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போகிறாள். நான்காம் வாரம் வாந்தி தொடங்குகின்றது, பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரிகின்றது, பேச்சுக் குழறுகின்றது. வீட்டார் பேய் பிடித்ததென்று அஞ்சிப் பூசாரியைத் தேடுகின்றனர். பின்னர் ஒருநாள் முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்கின்றனர்.

மூளையைச் சூழ்ந்த உறையில் ஒரு பூஞ்சணம் குடிகொண்டதன் விளைவாக இத்தனையும் நேரலாம். பாடசாலைப் புத்தகங்கள் பங்கசு என்று கூறும் அவ்வுயிரின் பெயர் கிரிப்டோகொக்கஸ். புறாவின் எச்சத்திலும், மண்ணிலும், சில மரங்களின் பொந்துகளிலும் அது வாழ்கின்றது. மூச்சோடு நெஞ்சுக்குட் புகுவது பெரும்பாலும் தீங்கு செய்யாமலே அடங்கிவிடும். உடலின் காவல் தளர்ந்தோரிடத்து மட்டும் அது இரத்தத்தில் ஏறி மூளையை அடையும். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. உள்ளோர், பிறர் சிறுநீரகத்தை ஏற்றோர், ஸ்ரெரொயிட் மருந்தை நெடுநாள் உட்கொண்டோர் ஆகியோரே பெரும்பாலும் இதற்கு இரையாகின்றனர். முன்னர் எக்குறையும் இல்லாதிருந்தவரையும் சிற்சில வேளை இது தாக்கும். ஆகவே இந்நோய் கண்டவரை ஒழுக்கக்கேட்டின் பெயராற் பழிப்பது அறியாமை, அறியாமையோடு கொடுமையுமாகும்.

மருந்தின்றி விட்டால் இந்நோயிலிருந்து தப்புவது அரிது. மருந்து இருக்கின்றது, அதுவும் பழைய மருந்து. அப்படியிருந்தும் மனிதர் மாள்வாராயின், அம்மரணத்தை விதியின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது என்பதே நமது வழக்கு.

இவ்வழக்கின் சான்றுகளை ஒவ்வொன்றாக வாசகர் முன் வைப்போம்.

முதலாவது மருந்து அம்போதெரிசின்-பி. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், வெனிசுவேலா நாட்டின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலே அது கண்டுபிடிக்கப்பட்டது. பூஞ்சணத்தின் உயிரணுவைச் சூழ்ந்த மென்சவ்வில் எர்கொஸ்ரெரோல் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. மனித உயிரணுவில் அதற்குப் பதிலாகக் கொலஸ்ரெரோல் இருக்கின்றது. அம்போதெரிசின் அந்த எர்கொஸ்ரெரோலைப் பற்றிப் பிடித்துச் சவ்வைச் சிதைத்துவிடும். எனினும் அது சிறுநீரகத்தை வருத்தும். உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்தச் சோகையை உண்டாக்கும்.

இரண்டாவது மருந்து புளூசைற்றோசின். 1957இல் புற்றுநோய்க்கென்று செய்யப்பட்ட இம்மருந்து அந்நோய்க்குப் பயன்படவில்லை. பூஞ்சணத்துக்கு அது பகை என்பது 1960ஆம் ஆண்டுகளிலே தெரியவந்தது. பூஞ்சணம் இதனை உணவென்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே சென்றதும் பூஞ்சணத்தின் சொந்த நொதியமே இதனை நஞ்சாக மாற்றிவிடும். மனித உயிரணுக்களில் அந்த நொதியம் இல்லை. ஆயினும் இதனைத் தனியே கொடுத்தாற் பூஞ்சணம் விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். இரத்தம் ஊறும் என்புமச்சையையும் இது நலிவிக்கக்கூடும்.

ஆகவே ஒன்று கோட்டைச் சுவரை இடிக்கின்றது. மற்றொன்று கோட்டைக்குள் இருக்கும் களஞ்சியத்தைக் கெடுக்கின்றது. இரண்டு திசையிலிருந்து தாக்குண்ட பகைவன் இரண்டுக்கும் ஒருங்கே எதிர்ப்புத் தேடுவது எளிதன்று. கூட்டு மருந்தின் தத்துவம் இதுவே. காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதை நம் மக்கள் அறிவர். இதுவும் அந்த முறையைச் சார்ந்ததே.

தத்துவம் நன்று, நடைமுறையிற் பயன் உண்டா என்று கேட்பது வழக்கறிஞரின் கடமை. வியட்நாமின் ஹோ சி மின் நகரிலே 299 நோயாளரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. பிரிவொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேர். அம்போதெரிசினை மட்டும் பெற்றோருள் 70 நாட்களுக்குள் 44 பேர் மாண்டனர். அதனோடு புளூசைற்றோசினையும் பெற்றோருள் 30 பேர் மாண்டனர். நூற்றுக்குப் பதினான்கு உயிர் வித்தியாசம்! புதிய கண்டுபிடிப்பு ஏதுமின்றி, அரை நூற்றாண்டு பழைய இரண்டு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்ததனால் மட்டும் விளைந்த வித்தியாசம் இது.

இதற்கடுத்த சான்று ஆபிரிக்காவிலிருந்து வந்தது. பொட்சுவானா, மலாவி, தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022இல் வெளியாயிற்று. கொழுப்புத் துணிக்கையுள் அடைத்த லிப்பொசோமல் அம்போதெரிசினை ஒரே நாளில், ஒரே முறை, உயர்ந்த அளவிலே கொடுத்து, அதன்பின் பதினான்கு நாட்களுக்குப் புளூசைற்றோசினையும் புளூக்கொனசோலையும் வாய்வழியாகக் கொடுத்தனர். பத்து வாரத்தில் இப்பிரிவில் மாண்டோர் நூற்றுக்கு 24.8 பேர். பழைய முறைப்படி ஏழு நாள் ஊசியேற்றப்பட்ட பிரிவில் மாண்டோர் நூற்றுக்கு 28.7 பேர். உயிர்காப்பதில் புதிய முறை பழையதற்குத் தாழ்ந்ததன்று என்பது நிலைநாட்டப்பட்டது. பக்கத் தீங்குகளும் குறைந்தன. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. உள்ள நோயாளருக்கு இம்முறையையே முதன்மையாகக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. எச்.ஐ.வி. இல்லாத நோயாளருக்கும் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே ஏற்ற வழி. அவர்களுக்குச் சிகிச்சை நாட்கள் நீளும்.

தோட்டத்து நோயாளிக்கு இதன் பொருள் என்ன? வாரக்கணக்கிற் கையில் ஊசி குத்தி, நாடோறும் மணிக்கணக்கில் மருந்தேற்றும் முறை பெருநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே இயலும். ஒரு நாள் ஊசியும் பதினான்கு நாள் மாத்திரையும் பதுளைக்கும் இயலும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 500 மில்லிகிராம் லிப்பொசோமல் அம்போதெரிசின் வேண்டும். 50 மில்லிகிராம் கொண்ட சிறு போத்தல்கள் பத்து. புளூசைற்றோசின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம்; 500 மில்லிகிராம் மாத்திரையாயின் நாளுக்குப் பத்து, பதினான்கு நாளைக்கு நூற்று நாற்பது. ஐந்து நோயாளருக்கு ஐம்பது போத்தலும் எழுநூறு மாத்திரையும் போதும். ஒரு சிறிய அலுமாரியின் ஒரு தட்டில் இவை அடங்கிவிடும். வருமானம் குறைந்த நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் போத்தலொன்றை 16.25 அமெரிக்க டொலருக்குத் தருவதாக அதனைச் செய்யும் கிலியட் கம்பனி 2018இல் அறிவித்தது. அவ்விலைக்குக் கிடைத்தால் ஒரு நோயாளியின் ஊசி மருந்துக்கு 162.50 டொலர். மலையகத்துத் தேயிலை இந்நாட்டுக்கு ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியின் முன்னே இஃது எம்மாத்திரம்?

புளூசைற்றோசினுக்கு இன்று காப்புரிமைத் தடை ஏதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதனை 2013இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. அப்படியிருந்தும் உலகின் பல நாடுகளில் அது நெடுங்காலம் பதியப்படாமலும் வாங்கப்படாமலும் கிடந்தது. காரணம் என்ன? நோயாளர் தொகை சிறிது; அவர்களிற் பெரும்பாலோர் வறியோர்; ஆதலால் வியாபாரிக்கு இலாபம் இல்லை. சந்தை கைவிட்ட இடத்திலே அரசு நிற்கவேண்டும். அரசு என்று ஒன்றை மக்கள் வைத்திருப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்றன்றோ?

இவ்வுண்மையை நமது நாட்டிலே வாதாடி நிலைநாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலை. ஊவாவின் பிபிலை என்னும் ஊர்ப் பெயரைத் தம் பெயரிலே தாங்கிய அப்பெருமகனாரின் முயற்சியினால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பெயரால் வாங்குவது, தேவையை அளந்து வாங்குவது, நாட்டுக்கெல்லாம் ஓரிடத்திலிருந்து மொத்தமாக வாங்குவது என்ற அவரது கொள்கையை உலகம் பின்பற்றிற்று. அவர் பிறந்த நாட்டிலே ஓர் அரிய நோய்க்கான மருந்தை அளந்து வைக்க இயலாதென்று எவரேனும் சொல்வாராயின், அச்சொல் அவரது நினைவுக்கு இழுக்காகும்.

நிற்க. கூட்டு மருந்து என்றவுடன் எல்லாப் பூஞ்சண நோய்க்கும் இரண்டு மருந்தைக் கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பது அறிவுடைமையன்று. அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் நெஞ்சைத் தாக்கும்போது வொரிக்கொனசோலோடு அனிதுலாபங்கினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஆறு வாரத்தில் மாண்டோர், சேர்த்துக் கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 19.3, தனியே கொடுத்த பிரிவில் 27.5. பார்வைக்குப் பெரிய வித்தியாசம். ஆயினும் அது தற்செயலாய் அமைந்ததன்று என்று துணிய அந்தச் சான்று போதவில்லை. கரும்பூஞ்சை என்று மக்கள் அழைக்கும் மியூக்கோர்மைக்கோசிஸ் நோயில், அழுகிய சதையை அறுத்தகற்றுவதும் அம்போதெரிசினை உடனே தொடங்குவதுமே உயிர்காப்பன. இரண்டாம் மருந்தின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. நிரூபணமான இடத்தில் இரண்டு மருந்தையும் தவறாது கொடு; நிரூபணமாகாத இடத்தில் வைத்தியரின் தீர்ப்புக்கு விடு: இதுவே நமது நிலை. சான்றுக்கு மேலே பேசுவோமாயின், சான்றுள்ள இடத்திலும் நமது சொல் எடுபடாது போகும்.

கரும்பூஞ்சை என்றதும் 2021ஆம் ஆண்டின் இந்தியா நினைவுக்கு வருகின்றது. கோவிட் இரண்டாம் அலையின்பின், அவ்வாண்டு ஜூலை மாதத்துக்குள் 45,000க்கு மேற்பட்டோரை இந்நோய் பற்றியதாக இந்திய அரசு பாராளுமன்றத்திற் கூறியது. தமிழ்நாடு மே மாதத்திலேயே இதனை அறிவிக்கவேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. கட்டுப்படாத நீரிழிவும், அளவுமீறிய ஸ்ரெரொயிட் மருந்தும் சேர்ந்து அந்நோய்க்குக் கதவைத் திறந்துவிட்டன. அம்போதெரிசின் தட்டுப்பட்டது, நோயாளியின் உறவினர் மருந்துச் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தனர். மருந்து செய்யும் நாடு என்று உலகம் புகழும் இந்தியாவிலேயே அந்த நிலை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே திண்டாடிய நமது நாடு அதிலிருந்து பாடம் படிக்கவேண்டாமா?

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்பாரும் உளர். அவர்கள் 2005ஆம் ஆண்டை மறந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்பின் நிவாரணப் பொருள்கள் மலைபோல் வந்து குவிந்தன. மருத்துவப் பொருள்களை முறைப்படி வைக்க இடம் போதவில்லை. மறு ஆண்டின் நடுப்பகுதியில், முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி பெற்றுச் சத்திர சிகிச்சையாற் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அஸ்பெர்ஜில்லஸ் மூளையுறைக் காய்ச்சல் கண்டது. ஈரம் மிகுந்த களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்த ஊசிக்குழாய்களையே ஆராய்ச்சி சுட்டிக்காட்டிற்று. நோயின்றி ஆஸ்பத்திரிக்குச் சென்று, குழந்தையைப் பெற்று, அங்கு பெற்ற நோயினாலே மாண்ட தாய்மாரும் உண்டு. அம்போதெரிசினும் அதன்பின் வொரிக்கொனசோலும் பெற்று உயிர்தப்பியோரும் உண்டு. அரிய நோய் எவ்வாறு வருமென்று எவர் அறிவார்? பேரிடர் ஒன்று, களஞ்சியத்துக் கூரை ஒன்று, கவனக்குறைவு ஒன்று: இவை போதும்.

அமெரிக்காவிலும் 2012இல் இத்தகையதொன்று நடந்தது. ஒரு மருந்துக் கூட்டகத்தில் மாசுபட்ட ஸ்ரெரொயிட் ஊசியினால் 753 பேர் பூஞ்சண நோயுற்றனர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாட்டுச் சட்டம் அதனைத் தெய்வச் செயலென்று விட்டுவிடவில்லை. பொறுப்பானோரைக் குற்றவியல் நீதிமன்றில் நிறுத்தித் தண்டித்தது.

ஊவாவுக்குச் சிறப்பாக உரிய அபாயமொன்றையும் இங்கே கூறவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் அடங்கிய கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் விழுங்கிய துயரத்தை நம் மக்கள் மறக்கமாட்டார்கள். மண்சரிவில் உயிர்தப்பியவரின் காயங்களிற் சேறும் சருகும் ஆழப் புதைகின்றன. அந்தச் சேற்றிலே பூஞ்சண வித்துக்கள் உள்ளன. 1985இல் கொலொம்பியா நாட்டின் ஆர்மேரோ நகரை எரிமலைச் சேறு மூடியபோதும், 2004 ஆழிப்பேரலையின்போதும், 2011 மே மாதம் அமெரிக்காவின் ஜொப்ளின் நகரைச் சூறாவளி அழித்தபோதும், காயம்பட்டோரிடையே சதையைத் தின்னும் மியூக்கோர்மைக்கோசிஸ் தோன்றியது. ஜொப்ளினில் மட்டும் பதின்மூவருக்கு நோய் கண்டது, ஐவர் மாண்டனர். மண்சரிவிற் பட்ட காயம் அன்ரிபயோட்டிக் மருந்துக்கு அடங்காமற் கறுத்துப் பரவுமாயின், அதனை வெறும் சீழ்க்காயமென்று கட்டி அனுப்பலாகாது. சதையின் சிறு துண்டு பரிசோதனைக்குப் போகவேண்டும். கத்தியும் மருந்தும் அன்றைக்கே ஆயத்தமாக இருக்கவேண்டும். மலை சரியும் நாடென்று அரசே பலகை நாட்டியிருக்கும் இடங்களில், இம்மருந்து இல்லாமை எதிர்பாராத விபத்து என்று எவரும் சொல்லிக்கொள்ள இயலாது.

உழைப்பவனின் காலைப் பற்றிய பூஞ்சண நோயொன்றுக்கு நமது மதுரையின் பெயரே சூட்டப்பட்டிருப்பதை வாசகர் அறிவாராக. 1842இல் மதுரையிற் கில் என்னும் ஆங்கில வைத்தியர் அதனை எழுதிவைத்தார். உலகம் அதனை மதுரைக் கால் என்றது. வெறுங்காலோடு வயலில் இறங்குவோருக்கு வரும் அந்நோயை உலகச் சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் 2016இலேயே சேர்த்தது. இடையிற் கழிந்தவை நூற்றெழுபத்து நான்கு ஆண்டுகள்! ஏழையின் நோய் ஏட்டில் ஏறுவதற்கு எடுக்கும் காலம் இது.

இனி, சட்டத்தின் முன் இவ்வழக்கை வைப்போம். 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் எவர் நோயுற்றிருக்கிறார் என்று அறிந்துகொள்வதும், அவருக்கு வேண்டிய நிவாரணம் செய்வதும், தேவையாயின் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் தோட்டத் துரையின் கடமை என்று விதித்தது. வெள்ளைக்காரனின் அரசு நமது மக்கள்மேற் கொண்ட அன்பினால் அச்சட்டத்தைச் செய்யவில்லை. நோயுற்ற கூலியாற் கொழுந்து குறையும் என்பதற்காகச் செய்தது. ஆயினும் கடமை கடமையே. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. உரிமை கைமாறிய ஒவ்வொரு முறையும் இலாபத்துக்கு உரியவர் இன்னார் என்று எழுதப்பட்டது. நோயாளிக்கு உரியவர் யார் என்ற கேள்வி மட்டும் தோட்ட நிருவாகத்துக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் இடையே பந்துபோல் உருட்டப்பட்டு வந்திருக்கின்றது.

அயல்நாட்டு நீதிமன்றங்கள் இக்கேள்விக்கு விடை கூறியுள்ளன. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு விவசாயத் தொழிலாளியின் பொருட்டு, மேற்கு வங்கத்து விவசாயத் தொழிலாளர் சங்கமொன்று தொடுத்த வழக்கில், அவசர சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகுமென்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இலே தீர்ப்பளித்தது. பணமில்லை என்பது அரசுக்குத் தக்க மறுமொழியாகாது என்றும் அது கூறிற்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றாமற் காக்கும் மருந்தைச் சில ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் என்று வரையறுத்த அரசின் கொள்கையைத் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2002இலே நிராகரித்தது. நமது அரசியலமைப்பிலே உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆயினும் அது எழுதப்பட்டவற்றினுள் அடங்கியிருக்கின்றது என்று நமது உயர் நீதிமன்றம் 2003இலே கூறியுள்ளது. அந்த உரிமை கொழும்பிலிருப்போனுக்கு ஒரு நிறையும் ஹல்துமுல்லையிலிருப்போனுக்கு ஒரு நிறையும் உடையதாக இருக்கலாமா?

நம் கோரிக்கைக்கு எதிராக எழக்கூடிய தடைகளையும் ஆராய்வோம்.

நோய் அரிது, செலவு வீண் என்பது முதலாவது தடை. நோய் அரிதாகையாலன்றோ செலவும் சிறிதாயிருக்கின்றது! தீயணைக்கும் வாளியை எவரும் நாள்தோறும் பயன்படுத்துவதில்லை. அதனால் அதனை எவரும் விற்றுவிடுவதுமில்லை.

மருந்து காலாவதியாகிவிடும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு மாகாணத்து இருப்பையும் ஒரே பதிவேட்டில் எழுதி, முடிவுத் திகதி அண்மிய மருந்தைத் தேவையுள்ள இடத்துக்கு மாற்றினால் இக்குறை பெரிதும் நீங்கும். நெற்களஞ்சியத்திற் பழைய நெல்லை முதலில் எடுப்பது எந்தக் கமக்காரனுக்குத் தெரியாது?

நோயாளியைக் கொழும்புக்கு அனுப்பலாமே என்பது மூன்றாவது. இந்நோயில் மூளைக்குள் அழுத்தம் ஏறுகின்றது. முள்ளந்தண்டிலிருந்து நீரை வடித்து அதனைத் தணிக்கவேண்டும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதையிலே, அழுத்தம் ஏறிய மூளையோடு ஒருவரை அனுப்பிவிட்டு, போய்ச் சேரும்போது உயிரிருந்தாற் பார்க்கலாம் என்பது சிகிச்சை ஆகுமா?

மருந்து நஞ்சுடையது என்பது நான்காவது, இது மெய். ஆகவேதான் சிறுநீரகத்தின் நிலையும் பொட்டாசியத்தின் அளவும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் இடைவிடாது சோதிக்கப்படவேண்டும். மாகாண ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடம் செம்மையாக இயங்கவேண்டும் என்பதற்கு இது காரணமாகுமேயன்றி, மருந்தை மறுப்பதற்குக் காரணமாகாது.

ஆதலின் நாம் கேட்பவை இவை:

முதலாவதாக, கிரிப்டோகொக்கஸ் நோயைப் பத்து நிமிடத்திற் காட்டும் பட்டிச் சோதனை பதுளையில் எந்நேரமும் கிடைக்கவேண்டும். ஒரு துளி இரத்தமோ முள்ளந்தண்டு நீரோ போதும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய பூஞ்சணங்களைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பி, விடையைத் தாமதமின்றிப் பெறுவதற்கு ஒழுங்கு வேண்டும்.

இரண்டாவதாக, லிப்பொசோமல் அம்போதெரிசினும் புளூசைற்றோசினும் புளூக்கொனசோலும் குறித்த தொகைக்குக் குறையாமல் ஊவா மாகாணத்தில் இருக்கவேண்டும். இருப்பு எவ்வளவு என்பதை மக்கள் அறியுமாறு மாதந்தோறும் வெளியிடவேண்டும்.

மூன்றாவதாக, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை பரிசோதித்தபின்னரே ஊசியில் ஏற்றவேண்டும். களஞ்சியத்தின் ஈரமும் வெப்பமும் நாள்தோறும் எழுதப்படவேண்டும். 2005இன் பாடம் இது.

நான்காவதாக, இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தலையிடியோடு காய்ச்சலோ, வாந்தியோ, பார்வைக் குறையோ உள்ள எவரையும் தோட்டத்து மருந்துச்சாலை மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்று எழுத்து மூலமான கட்டளை வேண்டும். தமிழிற் பேசித் தமிழில் விடை கேட்கும் ஒருவர் அவ்வாஸ்பத்திரியில் இருக்கவேண்டும். தன் நோயைத் தன் மொழியிற் சொல்ல இயலாத நோயாளி பாதி வைத்தியத்தையே பெறுகின்றார்.

ஐந்தாவதாக, ஆஸ்பத்திரியிற் கிடக்கும் நாட்களுக்குத் தொழிலாளியின் பேர் அறுக்கப்படலாகாது. மருந்து இலவசமாயினும், பேர் அறுந்தால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாதென்ற அச்சத்தினாலேயே நோயாளி பாதி மருந்தோடு வீடு திரும்புகின்றார்.

இவை அரசிடம் கேட்பவை. நம்மிடமும் நாம் சில கேட்கவேண்டும். வைத்தியர்களே, நெடுநாட் தலையிடிக்கு ஸ்ரெரொயிட் கொடுக்குமுன் பூஞ்சணத்தையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கிரிப்டோகொக்கஸ் நோயாளருக்கு எல்லாம் ஸ்ரெரொயிட் கொடுப்பது நன்மையன்றித் தீமையே செய்தது என்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கமக்காரரே, தொழிலாளரே, கடையில் விற்கும் பெயரறியா மாத்திரையை உடல்நோவுக்கென்று நாள்தோறும் விழுங்காதீர். நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருங்கள். முள் தைத்த காயத்தைச் சேற்றோடு விட்டுவிடாதீர். தலையிடி நாள் கடந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். பூசாரி பின்னர் வரட்டும். சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, தொழிற்சங்கத்தாரே, பதுளையில் மருந்து இருக்கின்றதா என்ற கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்திற் கேளுங்கள். அச்சட்டம் 2016இல் வந்தது அலங்காரத்துக்காக அன்று.

அன்னை ஒருத்தியைப் பற்றிக் கொள்வோம் என்று தொடங்கினோம். அவள் கற்பனைதான். ஆயினும் அவளுடைய தலையிடி கற்பனையன்று. அவள் நடக்கும் மலைப்பாதையும், அவள் காத்திருக்கும் மரவாங்கும் கற்பனையல்ல. மருந்து உண்டு, அதன் பயன் நிறுவப்பட்டுள்ளது, விலை தாங்கக்கூடியது, கடமை சட்டத்தில் எழுதப்பட்டது. இவையனைத்தும் இருந்தும், அவள் அங்கு சேரும் நாளிலே அலுமாரித் தட்டு வெறுமையாக இருக்குமாயின், அந்த வெறுமைக்கு விடைகூற ஒருவரேனும் கூண்டில் ஏறவேண்டும். அந்த நாள் வருமுன் தட்டை நிரப்புவதே அறிவுடைய அரசுக்கு அழகு. நிரப்பும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நமது கடன்.